ஊரடங்கில் பூட்டிய கதவுக்குப் பின்னால்: தென்னாப்பிரிக்காவில் குடிபெயர்ந்த பெண்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது யாருக்காக எழுதப்பட்டது?

கணவரின் வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ ஜோகன்னஸ்பர்க் வந்து அபார்ட்மெண்டில் இருக்கும் பெண்ணுக்கு. கல்யாணமாகி டர்பன் வந்து மாமியார் வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு. அதே அளவுக்கு, வீட்டு வேலைக்கு ஜிம்பாப்வேயிலிருந்தோ லெசோத்தோவிலிருந்தோ வந்த ஒரு பெண்ணை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும். கொரோனா நாட்களில் வீட்டுக்குள் வன்முறையில் மாட்டிக்கொண்ட பெண்களுக்காக நாங்கள் சில பெண்கள் சேர்ந்து போனில் பேசி, சாப்பாடு கொடுத்து, கோர்ட்டுக்குக் கூடப் போய் வந்தோம். அப்போது கேட்ட கேள்விகளை இன்றும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

2020ல் இங்கே என்ன நடந்தது? எனக்கு அப்போது இந்த நாடே தெரியாது.

மார்ச் 23 அன்று அதிபர் ராமபோசா அறிவித்தார், 26ஆம் தேதி நள்ளிரவிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. உலகத்திலேயே கடுமையான ஊரடங்குகளில் ஒன்று அது. நடைப்பயிற்சிக்கு வெளியே போகக்கூடாது, நாயைக் கூட்டிப் போகக்கூடாது, சிகரெட் விற்கக்கூடாது, சாராயம் விற்கக்கூடாது, தெருவில் ராணுவம். ஐந்தாம் நிலை என்று சொல்லப்பட்ட அந்தக் கட்டம் ஏப்ரல் கடைசி வரை இருந்தது. பிறகு மே மாதம் நான்கு, ஜூனில் மூன்று என்று படிப்படியாகத் தளர்ந்தது. வெளிநாட்டுப் பயணம் அக்டோபர் 1 அன்றுதான் திறந்தது, பேரிடர் நிலை சட்டப்படி முடிந்தது 2022 ஏப்ரலில்.

இந்தத் தேதிகளை எழுதுவதற்குக் காரணம் உண்டு. வீட்டுக்குள் அடி வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு மார்ச் 27 முதல் ஏப்ரல் 30 வரை என்பது அடிக்கிறவனோடு ஒரே அறையில் பூட்டிக் கிடந்த நாட்கள்.

வன்முறை என்றால் அடிப்பதுதானே?

இல்லை. இதில் நம்மவர்களுக்குப் பெரிய குழப்பம் இருக்கிறது, "அவர் கை ஓங்கியதே இல்லை, அதனால் நான் புகார் சொல்ல முடியாது" என்று சொல்லும் பெண்கள் நிறைய. தென்னாப்பிரிக்காவின் குடும்ப வன்முறைச் சட்டம் 1998லேயே, பணத்தைப் பறித்து வைத்துக்கொள்வதையும், மிரட்டுவதையும், ஓயாமல் அவமானப்படுத்துவதையும், பின்தொடர்வதையும் வன்முறையாக எழுதி வைத்துவிட்டது. 2022 ஜனவரியில் கையெழுத்தான திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போய், ஒருவரைக் கட்டுப்பாட்டிலேயே வைத்திருக்கும் நடத்தையையும் சேர்த்தது. போனைப் பிடுங்குவது, அம்மாவிடம் பேச விடாமல் தடுப்பது, ஏடிஎம் கார்டைப் பூட்டி வைப்பது எல்லாம் இதில் வரும்.

ஊரடங்கில் எங்களுக்கு வந்த அழைப்புகளில் முக்கால்வாசி இந்த மாதிரிதான். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் கிசுகிசுவென்று பேசுவார்கள். பேச முடியாதவர்கள் ஒரு பொட்டு ஸ்மைலி அனுப்பிவிட்டு உடனே அழித்துவிடுவார்கள்.

எல்லாப் பெண்களுக்கும் இது நடந்தது. குடிபெயர்ந்த பெண்ணை மட்டும் ஏன் தனியாகச் சொல்கிறீர்கள்?

பேப்பர் காரணமாக.

இங்கே பிறந்த பெண்ணுக்கு அடி விழுந்தால் அவள் அம்மா வீட்டுக்குப் போகலாம், அக்கா வீட்டுக்குப் போகலாம். வாழ்க்கைத்துணைக்கான விசாவில் வந்தவளுடைய இருப்பே அந்தக் கல்யாணத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. கல்யாணம் முறிந்தால் விசாவும் போய்விடும். அது கணவனுக்குத் தெரியும். "ஒரு போன் போட்டால் உன்னை ஏர்போர்ட்டில் ஏற்றிவிடுவார்கள், பிள்ளை இங்கேதான் இருக்கும்" என்ற வாக்கியத்தை எத்தனை பெண்கள் எத்தனை மொழிகளில் கேட்டிருக்கிறார்கள் என்று சொல்லி முடியாது. வேலை பார்க்க அனுமதி இல்லாத விசாவாக இருந்தால் கையில் காசும் இருக்காது. வீட்டு வேலை செய்யும் மலாவிப் பெண்ணுக்கு இதே மிரட்டல் முதலாளியிடமிருந்து வரும், பெர்மிட் காலாவதியாகிவிட்டதே, யாரிடம் போய்ச் சொல்வாய் என்று. தஞ்சம் கேட்டு வந்த காங்கோ, சோமாலியப் பெண்களுக்கு இன்னொரு விதம்: அகதிகளைப் பதிவு செய்யும் அலுவலகங்கள் 2020 மார்ச்சில் மூடப்பட்டன. பழைய அனுமதிகள் தானாக நீடிக்கப்படும் என்று அரசாணை வந்தது உண்மைதான், ஆனால் கையில் இருக்கும் தாளில் பழைய தேதிதானே அச்சாகியிருக்கும்? வங்கிக் கவுண்டரில் இருப்பவர், தெருமுனையில் நிற்கும் போலீஸ்காரர், எல்லோருக்கும் அந்த அரசாணையை விளக்கிச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2023 டிசம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்புச் சொன்னது. தென்னாப்பிரிக்கக் குழந்தைக்குத் தாயாகவோ தந்தையாகவோ இருந்து, அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வெளிநாட்டவரை, கல்யாணம் முறிந்தது என்பதற்காக வேலையை விட்டுவிட்டு நாட்டை விட்டுப் போகச் சொல்வது சாசனத்துக்கு விரோதம் என்றது. ஆக, "பிள்ளை இங்கேதான் இருக்கும்" என்று மிரட்டுகிறவரிடம் பயந்து முடிவெடுக்கும் முன் ஒரு வக்கீலிடம் கேளுங்கள்.

ஊரடங்கில் ஊருக்குத் திரும்பியிருக்கலாமே?

எப்படி? 2020 மார்ச் 22க்குப் பிறகு இந்தியாவே வெளிநாட்டு விமானங்களை இறங்க விடவில்லை. பிறகு வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களைக் கூட்டிப் போக இந்திய அரசு விட்ட வந்தே பாரத் விமானங்கள் வந்தன, ஆனால் அதற்குப் பதிவு செய்ய வேண்டும், டிக்கெட் காசு வேண்டும், பாஸ்போர்ட் கையில் வேண்டும். பாஸ்போர்ட் அவர் பீரோவில். இந்தியப் பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து என்று அதிலேயே அச்சாகியிருக்கிறது, அதைக் கணவரோ மாமனாரோ பூட்டி வைக்க எந்த உரிமையும் கிடையாது. இதைச் சொன்னால் பல பெண்களுக்கு ஆச்சரியம்.

ஊரில் அப்பா அம்மா "கொஞ்சம் பொறுத்துப் போம்மா" என்று சொன்ன கதைகளையும் நான் மறக்கவில்லை. திரும்பிப் போகும் வழி அங்கிருந்தும் அடைபட்டிருந்தது.

வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு என்ன ஆனது?

இதைக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும். கொரோனாவுக்கு முன் இந்த நாட்டில் பத்து லட்சம் பேர் வீட்டு வேலை பார்த்தார்கள், பெரும்பாலும் பெண்கள். 2020ன் இரண்டாம் காலாண்டுக் கணக்கில் மட்டும், தோட்டக்காரர் போன்றவர்களையும் சேர்த்து, வீடுகளில் வேலை பார்த்த 3,11,000 பேருக்கு வேலை போயிருந்தது. இது அரசுப் புள்ளிவிவரத் துறையின் எண்.

வேலை போனவர்கள் ஒரு பக்கம். போகாதவர்கள்? "நீ வெளியே போனால் கிருமியைக் கொண்டு வந்துவிடுவாய், இங்கேயே இரு" என்று மாதக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கப்பட்டார்கள். ஓய்வு நாள் கிடையாது, தன் பிள்ளையைப் பார்க்க முடியாது, மொத்தக் குடும்பமும் நாள் முழுக்க வீட்டில் இருப்பதால் வேலை இரண்டு மடங்கு, சம்பளம் மட்டும் அதேதான் அல்லது பாதி. பின்பக்க அறையில் தனியாகப் படுக்கும் பெண்ணிடம் அந்த வீட்டு ஆண் வந்து தொல்லை கொடுத்தால் அவள் எங்கே ஓடுவாள்? கேட் பூட்டியிருக்கிறது, தெருவில் ராணுவம் நிற்கிறது, பெர்மிட்டும் இல்லை.

இவை வெள்ளைக்காரர் வீடுகளில் மட்டும் நடந்ததாக நம்மில் பலர் பேசுகிறோம். டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நம் தமிழ்க் குடும்பங்களின் வீடுகளிலும் நடந்தது. இதை எழுதினால் சிலருக்குக் கோபம் வரும் என்று தெரியும், வரட்டும்.

நாங்கள் அரைச் சம்பளமாவது கொடுத்தோம். அது போதாதா?

உங்கள் மனசு நல்லது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு கேள்வி. அவரை வேலையின்மைக் காப்பீட்டு நிதியில் பதிவு செய்திருந்தீர்களா? மாதத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்பவர் யாராக இருந்தாலும் முதலாளி பதிவு செய்தே ஆக வேண்டும். சம்பளத்தில் நீங்கள் ஒரு சதவீதம், அவர் ஒரு சதவீதம், அவ்வளவுதான் பணம். ஊரடங்கில் அரசு கொடுத்த சம்பள நிவாரணம் அந்த நிதி வழியாகத்தான் வந்தது, அதுவும் முதலில் முதலாளி விண்ணப்பித்தால்தான். பதிவு செய்யாத வீட்டில் வேலை பார்த்தவர்கள் வெறுங்கையோடு நின்றார்கள். பதிவு இருந்தும் வெளிநாட்டுப் பாஸ்போர்ட் எண் வைத்திருந்தவர்களின் விண்ணப்பம் மாட்டிக்கொண்டது, அந்த இணையதளம் 13 இலக்கத் தென்னாப்பிரிக்க அடையாள எண்ணை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது.

கூலியும் அப்படித்தான். 2020ல் பொதுவான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 20.76 ரேண்ட் என்றால் வீட்டு வேலைக்கு 15.57. 2021ல் 21.69க்கு 19.09. 2022 மார்ச்சில்தான் இரண்டும் ஒன்றாகி, 23.19 ரேண்ட் ஆனது. ஒரே வியர்வைக்கு இரண்டு விலை வைத்திருந்த நாடு இது, நாமும் அந்தக் குறைந்த விலையைத்தான் கொடுத்தோம், பலர் அதைக்கூடக் கொடுக்கவில்லை.

அரசு 350 ரேண்ட் கொடுத்ததே, அது கிடைத்திருக்குமே?

2020 ஏப்ரல் 21 அன்று அறிவித்த உதவித்தொகை அது. குடிமக்களுக்கும், நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும், அங்கீகரிக்கப்பட்ட அகதிகளுக்கும் மட்டும் என்றார்கள். தஞ்சம் கேட்டுக் காத்திருப்பவர்களும், ஜிம்பாப்வே, லெசோத்தோ, அங்கோலாவுக்கான சிறப்பு அனுமதியில் இருப்பவர்களும் வெளியே. கேப் டவுனில் இருக்கும் ஸ்கலபிரினி மையம் வழக்குப் போட்டது. ஜூன் 18 அன்று பிரிட்டோரியா உயர்நீதிமன்றம் இவர்களையும் சேர்க்கச் சொன்னது. பேப்பரே இல்லாதவர்களுக்கு அப்போதும் எதுவும் இல்லை.

இதில் பெண்களுக்கு இன்னொரு அடி இருந்தது. பிள்ளைக்காக உதவித்தொகை வாங்கும் தாய்க்கு, தனக்கென்று இந்த 350 ரேண்டைக் கேட்க முடியாது என்று முதலில் விதி. பிள்ளை இல்லாத ஆண் வாங்கலாம், பிள்ளையைச் சுமக்கும் பெண் வாங்கக்கூடாது! 2021 ஆகஸ்டில்தான் அதை மாற்றினார்கள்.

சாராயத் தடையால் வீட்டில் அடி குறைந்தது என்கிறார்களே?

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுகளில் காயத்தோடு வருபவர்கள் குறைந்தது உண்மை. ஜூன் 1 அன்று கடை திறந்ததும் கூட்டம் திரும்பியது, அதனால்தான் ஜூலை 12ல் மறுபடி மூடினார்கள். ஆனால் குடித்தால் மட்டுமே அடிக்கிறான் என்று நம்புவது ஆபத்து. குடிக்காத நாட்களில் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்தவர்கள் எத்தனை பேர். 2020 ஜூன் 17 அன்று அதிபரே நாட்டு மக்களிடம் பேசும்போது, சில வாரங்களுக்குள் 21 பெண்களும் பிள்ளைகளும் கொல்லப்பட்டதைச் சொல்லி, இது இரண்டாவது கொள்ளைநோய் என்றார்.

ஊரடங்கில் ஊர்வலமே போக முடியாதே, பெண்கள் எப்படிக் கூடி எதிர்த்தார்கள்?

இந்தக் கேள்விக்காகத்தான் நான் இதை எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம். ஏனென்றால் வன்முறைக் கதையை எல்லோரும் சொல்கிறார்கள், அந்தப் பெண்கள் பதிலுக்கு என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் அவர்கள் வெறும் பாவப்பட்ட ஜன்மங்களாக மட்டும் தெரிவார்கள்.

முதலில் வாட்ஸ்அப். ஜோகன்னஸ்பர்க்கில் இஸ்வி என்ற வீட்டுத் தொழிலாளர் கூட்டமைப்பு இருக்கிறது, உறுப்பினர்களில் நிறையப் பேர் வெளிநாட்டிலிருந்து வந்த பெண்கள். ஊரடங்கில் இப்படிப்பட்ட குழுக்களின் வேலை முழுக்க போனுக்கு மாறியது. படிக்கத் தெரியாதவர்களுக்காகக் குரல் பதிவு, ஷோனா, செசோத்தோ, சிச்சேவா மொழிகளில். "என் மேடம் என்னை வீட்டுக்கு விட மாட்டேன் என்கிறார், சட்டம் என்ன சொல்கிறது?" என்று ஒருத்தி கேட்டால் பத்து நிமிஷத்தில் யாராவது பதில் சொல்வார்கள். டேட்டா வாங்கக் காசில்லாதவளுக்கு இன்னொருத்தி பத்து ரேண்ட் ஏற்றிவிடுவாள். வெளியிலிருந்து பார்த்தால் இது பெரிய போராட்டமாகத் தெரியாது. பின்பக்க அறையில் தனியாகக் கிடந்தவளுக்கு, தன்னைப்போல இன்னும் ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்ததே அந்த போனில்தான்.

அடுத்தது சங்கம். வீட்டு வேலை செய்பவர்களின் தேசியச் சங்கமான சட்சாவு 2000ஆம் ஆண்டு உருவானது, அதற்கும் முன்னோடி 1986லேயே இருந்தது. அதை வழிநடத்திய மிர்ட்டில் விட்பூய் தானே வீட்டு வேலை செய்தவர், நிறவெறி ஆட்சியில் முதலாளி வீட்டு கராஜில் மற்றப் பெண்களைக் கூட்டிப் பேசத் தொடங்கியவர். 2013ல் உலக வீட்டுத் தொழிலாளர் கூட்டமைப்புக்கே முதல் தலைவரானார், 2023 ஜனவரியில் காலமானார். ஊரடங்கு நாட்களில் அவர்கள் விடாமல் நடத்திய வழக்கு ஒன்று இருக்கிறது, அதைத் தனியாகக் கீழே சொல்கிறேன்.

சம்பள நிவாரண விஷயத்திலும் அப்படித்தான். மேற்கு கேப் தோட்டங்களில் பெண் தொழிலாளிகளோடு வேலை செய்யும் 'விமன் ஆன் ஃபார்ம்ஸ்' அமைப்பும், தற்காலிகத் தொழிலாளர் ஆலோசனை மையமும் கோர்ட்டுக்குப் போன பிறகு, 2020 மே கடைசியில் விதி மாறியது. முதலாளி பதிவு செய்யாத தொழிலாளியும் நிவாரணம் கேட்கலாம் என்றானது.

அப்புறம் சமையல். கேப் டவுனில் மார்ச் மாதமே தெருவுக்குத் தெரு உதவிக் குழுக்கள் முளைத்தன, வசதியான சீ பாயிண்ட் குழுவும் குகுலேத்து குழுவும் ஜோடி சேர்ந்தன. டர்பனிலும் பொதுச் சமையல் நடந்தது. பெரும்பாலான இடங்களில் அடுப்பில் நின்றது பெண்கள்தான், அடையாள அட்டை கேட்காமல் சோறு போட்டார்கள். அரசுப் பொட்டலம் வாங்க அட்டை எண் கேட்ட நாட்களில் இது சின்ன விஷயம் இல்லை. இன்னொன்றும் நடந்தது: சோற்றுக்கு வரிசையில் நிற்கும்போது ஒருத்தி இன்னொருத்தியிடம் கண்ணால் பேசுவாள், கன்னத்து நீலத்தை யாராவது கவனிப்பார்கள். கணவன் அனுமதித்த ஒரே வெளிவேலை அதுவாக இருந்த பெண்கள் உண்டு.

டர்பன் குடிசைவாசிகளின் அபாலாலி பாஸெம்ஜொண்டோலோ இயக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2005ல் கென்னடி ரோட்டில் தொடங்கியது. 2008 மே மாதம் வெளிநாட்டவர்களைத் தாக்கிக் கொன்றபோது (60 பேருக்கு மேல் செத்தார்கள்) ஒரு செயல் சட்டவிரோதமாக இருக்கலாம், ஒரு மனிதர் சட்டவிரோதமாக இருக்க முடியாது என்று சொன்னவர்கள் அவர்கள். கேட்டோ மேனரில் உள்ள எகெனானா குடியிருப்பில் காய்கறித் தோட்டம், கோழிப்பண்ணை என்று பொதுவாக நடத்தினார்கள், ஊரடங்கிலும் வீடுகளை இடிக்க வந்தவர்களை எதிர்த்து நின்றார்கள். அங்கே பெண்கள் தலைவியாக இருந்த நொகுதுலா மபாஸோ 2022 மே 5 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். கூடி நிற்பதற்கு இங்கே கொடுக்கும் விலை இதுவும்தான்.

வீட்டுத் தொழிலாளர் சங்கம் நடத்திய அந்த வழக்கு என்ன?

மரியா மஹ்லாங்கு பிரிட்டோரியாவில் ஒரே குடும்பத்தில் 22 வருஷம் வேலை பார்த்தவர். 2012ல் ஜன்னல் துடைக்கும்போது நீச்சல் குளத்தில் விழுந்து இறந்தார். அவருக்குக் கண்பார்வை குறைவு, நீந்தவும் தெரியாது. மகளுக்கு 5,000 ரேண்ட் கொடுத்து முடித்துவிடப் பார்த்தார்கள். வேலை இடத்தில் காயமோ மரணமோ நேர்ந்தால் இழப்பீடு கொடுக்கும் சட்டத்தில் வீட்டு வேலை செய்பவர் தொழிலாளியே இல்லை என்று எழுதியிருந்தது. மகள் சில்வியாவும் சங்கமும் விடவில்லை. 2020 நவம்பர் 19 அன்று, அந்த ஊரடங்கு ஆண்டிலேயே, அரசியல் சாசன நீதிமன்றம் அந்த விலக்கு செல்லாது என்றது. அதோடு நிற்காமல் 1994 ஏப்ரல் 27 வரை பின்னோக்கியும் தீர்ப்பு பொருந்தும் என்றது. அதாவது ஜனநாயகம் வந்த முதல் நாளிலிருந்து. இதை வாசித்த அன்று நான் அழுதேன்.

இதில் தமிழர்களுக்கு என்ன? நாம் வேறு, அவர்கள் வேறு இல்லையா?

1860 நவம்பர் 16 அன்று டர்பனில் வந்து நின்ற ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,000 பேருக்கு மேல், அதில் பெரும்பங்கு சென்னைத் துறைமுகம் வழியாக. ஆணுக்கு முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங், பெண்ணுக்கு அதில் பாதி. அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே காலடி வைத்தால் கைது. துரையோ கங்காணியோ தொட்டான் என்று புகார் சொல்ல ஒரு பெண் போக வேண்டுமென்றால், அந்தத் துரையிடமே சீட்டு வாங்க வேண்டும். இன்று "பெர்மிட் எங்கே?" என்று கேட்கப்படும் பெண்ணும் நம் பாட்டியும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள்.

அவர்களும் கூடி நின்றார்கள். 1913 மார்ச்சில் கேப் நீதிமன்றம் கிறிஸ்தவ முறையில் நடக்காத கல்யாணம் செல்லாது என்றதும், ஒரே நாளில் நம் பெண்கள் எல்லோரும் சட்டத்தின் கண்ணில் மனைவி என்ற நிலையை இழந்தார்கள். அப்போதும் ஒரு கல்யாணத் தாளில்தான் பெண்ணின் இருப்பு தொங்கியது பாருங்கள். அதோடு ஒப்பந்தம் முடிந்தும் தங்கியவர்கள் மேல் மூன்று பவுண்டு வரி, பெண்களுக்கும்தான். டிரான்ஸ்வாலிலிருந்து பதினொரு பெண்கள், கிட்டத்தட்ட எல்லோரும் தமிழ்ப் பெண்கள், சிலர் கைக்குழந்தையோடு, அக்டோபரில் நியூகாசில் போய் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் பேசினார்கள். வேலைநிறுத்தம் வெடித்தது. பெண்கள் ஜெயிலுக்குப் போனார்கள். அந்தப் போராட்டத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று செத்துப் போனாள், வயது 16. அந்த வருஷமே வரியும் போனது, கல்யாணங்களும் அங்கீகரிக்கப்பட்டன. வள்ளியம்மைக்கு மாலை போடும் நாம், நம் வீட்டு அவுட்பில்டிங்கில் வாடகைக்கு இருக்கும் மலாவிப் பெண்ணிடம் வாடகை பாக்கிக்காக என்னென்ன கேட்டோம் என்பதையும் பேச வேண்டும்.

வெளிநாட்டுக்காரர்கள் வேலையைப் பறிக்கிறார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்களே?

நாமும் வெளிநாட்டுக்காரர்கள்தான், அல்லது அவர்களின் பேரப்பிள்ளைகள். 1949ல் டர்பனில் இந்தியர் வீடுகளுக்குத் தீ வைத்தபோதும் இதே மாதிரிப் பேச்சுத்தான் பேசினார்கள்.

கையில் செல்லுபடியாகும் விசா இல்லை. போலீசுக்குப் போனால் என்னையே பிடிப்பார்களா?

நேர்மையாகச் சொல்கிறேன்: சட்டம் உங்கள் பக்கம், ஸ்டேஷனில் இருக்கும் ஆள் எப்போதும் உங்கள் பக்கம் என்று சொல்ல முடியாது. குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு கேட்கக் குடியுரிமையோ விசாவோ நிபந்தனை இல்லை. ஆனால் புகார் சொல்லப் போனவளிடம் முதலில் பெர்மிட் கேட்ட சம்பவங்களும் நடந்திருக்கின்றன. அதனால் தனியாகப் போகாதீர்கள். உள்ளூர்ப் பெண் ஒருவரையோ சட்ட உதவி அமைப்பு ஒன்றையோ கூட வைத்துக்கொள்ளுங்கள். 'லாயர்ஸ் ஃபார் ஹியூமன் ரைட்ஸ்' அமைப்புக்கு டர்பனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் அலுவலகம் உண்டு.

வேலை விஷயத்தில், பெர்மிட் காலாவதியானவரும் தொழிலாளிதான் என்று தொழிலாளர் நீதிமன்றம் 2008லேயே சொல்லிவிட்டது. சம்பளம் தராமல் துரத்தினால் சிசிஎம்ஏ என்ற சமரச ஆணையத்துக்குப் போகலாம், கட்டணம் இல்லை.

பாதுகாப்பு உத்தரவு வாங்குவது எப்படி? நிறைய செலவாகுமா?

விண்ணப்பிக்கக் காசு இல்லை. நீங்கள் இருக்கும் இடத்து மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் ஒரு படிவம், நடந்ததை உறுதிமொழியாக எழுதிக் கொடுக்க வேண்டும். தேதி, நேரம், என்ன சொன்னார், யார் பார்த்தார், போட்டோ, குரல் பதிவு, எது இருந்தாலும் இணையுங்கள், இல்லாவிட்டாலும் போங்கள். அவசரம் என்று மாஜிஸ்ட்ரேட்டுக்குப் பட்டால் அன்றே இடைக்கால உத்தரவு கிடைக்கும். அது அவரிடம் சேர்க்கப்பட்ட பிறகுதான் அமலுக்கு வரும், அந்த இடைவெளியில் எங்கே இருப்பது என்பதை முன்கூட்டியே யோசித்து வையுங்கள், இதுதான் ஆபத்தான நேரம். உத்தரவோடு ஒரு கைது வாரண்டும் தயாராக இருக்கும், அவர் மீறினால் அதைக் காட்டிப் போலீசைக் கூப்பிடலாம். உங்கள் சாமான்களை எடுக்கப் போலீஸ் கூட வரச் சொல்லியும் கோர்ட் உத்தரவிடலாம், பாஸ்போர்ட்டைக் கட்டாயம் அந்தப் பட்டியலில் எழுதச் சொல்லுங்கள். ஊரடங்கின் மிகக் கடுமையான நாட்களில்கூட இந்த விண்ணப்பங்களுக்காகக் கோர்ட் திறந்திருந்தது. அது தெரியாமலேயே உள்ளே கிடந்தவர்கள் ஏராளம்.

பாலியல் வன்முறை என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், எச்ஐவி தடுப்பு மருந்துக்கு அதுதான் கெடு. துதுசேலா மையங்களில் மருத்துவம், ஆலோசனை, போலீஸ் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். புகார் கொடுப்பதா வேண்டாமா என்று பிறகு முடிவு செய்யலாம், சிகிச்சைக்கு அது நிபந்தனை இல்லை.

கோவில்கள் ஏதாவது செய்ய முடியுமா?

முடியும், செய்யவும் வேண்டும். இந்த ஊரில் ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றாத தமிழ்க் கோவில் அரிது. கொள்ளைநோயிலிருந்து காப்பாற்று என்று கேட்கத்தானே அந்தக் கூழ்? அவளிடம் வரும் பெண்ணின் காயத்தைப் பார்த்துவிட்டு "குடும்ப விஷயம், வெளியே பேசாதே" என்று கமிட்டி ஆட்கள் சொல்வதை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்துவிடும். பெண்கள் கழிவறைக் கதவின் உள்பக்கம் ஒரு உதவி எண்ணை ஒட்டி வையுங்கள், கணவன் கூட வர முடியாத ஒரே இடம் அது.

கொரோனா முடிந்துவிட்டதே, இப்போது எதற்கு இதெல்லாம்?

கொரோனா போனது, பேப்பர் பிரச்சினை போகவில்லை. 2021 நவம்பரில், நோய் இன்னும் ஓயாதபோதே, ஜிம்பாப்வேக்காரர்களின் சிறப்பு அனுமதியை நீட்டிக்க மாட்டோம் என்று அரசு அறிவித்தது, சுமார் 1,78,000 பேர். 2023 ஜூனில் அது செல்லாது என்று உயர்நீதிமன்றம் சொன்ன பிறகும் இழுபறி தொடர்ந்தது. வேலை இடத்தில் வன்முறையும் தொல்லையும் கூடாது என்ற சர்வதேச உடன்படிக்கை 190ஐ தென்னாப்பிரிக்கா 2021 நவம்பரில் ஏற்றது. சரி, நல்லதுதான். அது ஒரு வீட்டின் சமையலறைக்குள் போய்ச் சேர வேண்டுமென்றால் அந்த வீட்டில் வேலை செய்பவளுக்குச் சங்கம் இருக்க வேண்டும், அவள் கூட்டத்துக்குப் போக ஒரு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை இருக்க வேண்டும். அந்த ஞாயிறைக் கொடுப்பது நீங்களும் நானும்.

இப்போதே உதவி வேண்டும். எந்த எண்?

0800 428 428, அரசின் வன்முறை உதவி மையம், 24 மணி நேரமும், இலவசம். போனில் காசே இல்லை என்றால் \*120\*7867# அழுத்துங்கள், அவர்களே திரும்ப அழைப்பார்கள். இன்னொரு எண் 0800 150 150. உயிருக்கு ஆபத்து என்றால் 10111. தமிழ் மட்டும்தான் வரும் என்று தயங்காதீர்கள், மொழிபெயர்க்க நம்பிக்கையான ஒருவரை அழைப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர் உங்கள் கணவரின் உறவினராக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண்களை போனில் வேறு பெயரில், "தையல் கடை அக்கா" என்கிற மாதிரி, சேமித்து வையுங்கள். பாஸ்போர்ட், விசா, கல்யாணச் சான்றிதழ், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் நான்கையும் இன்றே போட்டோ எடுத்து ஊரில் இருக்கும் ஒரு சிநேகிதிக்கு அனுப்பிவிட்டு, உங்கள் போனிலிருந்து அழித்துவிடுங்கள்.